ஆறு சுமக்கும் மண்: காவிரிக் கல்லணை முதல் சுங்கை மூடா வரை



சுங்கை பாக்காப் என்னும் இவ்வூரின் பெயரிலேயே ஆறு இருக்கிறது. 'சுங்கை' என்பது ஆற்றைக் குறிக்கும் மலாய்ச் சொல் என்பதை இங்குள்ள சிறு பிள்ளையும் அறியும். செபராங் பிறை நிலப்பகுதியின் வடக்கெல்லையில் சுங்கை மூடா ஓடுகிறது; தெற்கெல்லையில் சுங்கை கிரியான் ஓடுகிறது. இவ்விரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட தாழ்ந்த வண்டல் நிலத்தில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் தோன்றின. அத்தோட்டங்களில் உழைப்பதற்கென நாகப்பட்டினத்துத் துறையிலிருந்து கப்பலேறி வந்தவர்களுள் தஞ்சை, திருச்சிராப்பள்ளி மாவட்டத்து மக்கள் மிகுதி. காவிரியின் வண்டலில் வளர்ந்தவர்கள் மற்றோர் ஆற்று வண்டலில் வந்து வடிகால் வெட்டினார்கள். ஆகவே ஆறும் மண்ணும் பற்றிய வரலாறு நமக்கு அயலார் வரலாறு அன்று.

ஆற்றைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் நீரைப் பற்றியே பேசுகிறோம். மழை எவ்வளவு, அணையில் இருப்பு எவ்வளவு, யாருக்கு எவ்வளவு பங்கு என்பனவே நம் வினாக்கள். ஆனால் ஆறு நீரை மட்டும் கொண்டு வருவதில்லை. மலையைத் தேய்த்து, அத்தேய்மானத்தைக் கல்லாகவும் மணலாகவும் வண்டலாகவும் சுமந்து வந்து, வழியெங்கும் இட்டும் எடுத்தும் தன் படுகையைத் தானே அமைத்துக்கொள்கிறது. அணை கட்டி நீரைத் தேக்கினால் இந்த மண் என்ன ஆகிறது? அது வராத கீழ்ப்புற ஆறு என்ன ஆகிறது? அதனை மீட்க மனிதர் என்ன செய்தனர்? இம்மூன்று வினாக்களையும் காவிரியின் வரலாற்றை முதன்மைச் சான்றாகக் கொண்டு இவ்வுரை ஆராய்கிறது.

சொற்கள் காட்டும் அறிவு

ஒரு சமூகம் எதனை நுணுகி நோக்கியதோ அதற்கு அது பல பெயர்களை இட்டிருக்கும். ஆற்று மண்ணுக்குத் தமிழில் உள்ள பெயர்களை எண்ணிப் பாருங்கள். பருக்கையாக இருப்பது மணல். வெள்ளத்தில் கலங்கி வந்து வயலில் படிவது வண்டல். கரையோரம் ஒதுங்கிக் குவிவது எக்கல். குளத்தடியில் படிந்து, கோடையில் வெடித்து, எருவாக வெட்டி எடுக்கப்படுவது கரம்பை. வாய்க்காலை அடைத்துக்கொள்வது தூர். அதனை நீக்குவது தூர்வாருதல். ஆற்றின் நடுவே மேடிட்டு நிற்பது திட்டு. அது பெரிதாகி ஊர் அமையும் அளவுக்கு வளர்ந்தால் துருத்தி அல்லது அரங்கம். திருவரங்கம் என்னும் பெயரே ஆறு இட்ட மண்ணின் பெயர்தான். சங்க இலக்கியத்தில் அறல், எக்கர் ஆகிய சொற்கள் ஆற்று மணலின் வரிவடிவத்தையும் மணல் மேட்டையும் குறிக்க வழங்குகின்றன.

இச்சொற்களில் ஒரு நுட்பம் உண்டு. வண்டலும் கரம்பையும் வேண்டப்படும் பொருள்கள்; தூர் வேண்டப்படாத பொருள். மண் ஒன்றே, அது வந்து சேர்ந்த இடத்தைப் பொறுத்துப் பெயர் வேறாகிறது. வயலில் படிந்தால் வளம். வாய்க்காலில் படிந்தால் அடைப்பு. மண்ணை ஒழிப்பது நம் முன்னோர் நோக்கம் அன்று. உரிய இடத்துக்கு அனுப்புவதே நோக்கமாக இருந்தது என்பதை இந்தப் பெயரீடு உணர்த்துகிறது.

ஏரிகளில் அமைந்த குமிழித் தூம்பு இதற்கு ஒரு சான்று. ஏரியின் உட்புறத்தில் கல்லால் அமைத்த தொட்டியில் மேலும் கீழுமாகத் துளைகள் இருக்கும். மேலிருப்பது நீரோடித் துளை. அடியில் இருப்பது சேறோடித் துளை. நீர் வெளியேறும் விசையோடு அடியில் உள்ள சேறும் இழுக்கப்பட்டு வயலுக்குச் செல்லும் என ஆய்வாளர் விளக்குவர். இதனால் ஏரி முற்றும் தூராமல் இருந்துவிடும் என்று கொள்ளலாகாது. எஞ்சிய மண்ணை ஆள்கொண்டே அள்ள வேண்டியிருந்தது. சோழர்காலத்து ஊராட்சியில் ஏரி வாரியம் என்றொரு வாரியம் இருந்ததை முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) தெரிவிக்கின்றன. ஏரியைப் பேணுவதற்கென நிலம் விட்ட செய்தியும், தூர் அள்ளுவதற்கு ஓடம் வைத்திருந்த செய்தியும் அக்காலக் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. மண் ஆண்டுதோறும் வரும். ஆகவே அதற்கான செலவும் ஆண்டுதோறும் உண்டு என்று கணக்கிட்டுப் பொருள் ஒதுக்கியவர்கள் அவர்கள்.

மணலின் மேல் நின்ற கல்லணை

இனிக் காவிரிக்கு வருவோம். திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னும் இடத்தில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடகிளை கொள்ளிடம், தென்கிளை காவிரி. இரண்டுக்கும் இடையில் திருவரங்கத் தீவு. அத்தீவின் கீழ்முனையில் இரு கிளைகளும் மீண்டும் நெருங்குகின்றன. அங்கே காவிரியின் நீர் தாழ்வான கொள்ளிடத்தை நோக்கி உள்ளாறு வழியாக வழிந்து ஓடிவிடும் இயல்பு இருந்தது. ஓடவிட்டால் தஞ்சை வயல்களுக்கு நீர் இல்லை. முற்றிலும் அடைத்தால் வெள்ளக் காலத்தில் தஞ்சை மூழ்கும். இந்த இக்கட்டுக்குத் தீர்வாக எழுந்ததே கல்லணை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டளவில் கரிகாற்சோழன் கட்டியது என்பது மரபு.

கல்லணை இன்றைய பொருளில் நீரைத் தேக்கும் அணை அன்று. ஏறத்தாழ 1,080 அடி நீளமும், 40 முதல் 60 அடி அகலமும், 15 முதல் 18 அடி உயரமும் கொண்டு, பாம்புபோல் வளைந்து கிடந்த ஒரு கற்கரை அது. இயல்பான நீரைக் காவிரியில் நிறுத்தும். வெள்ளம் மிகும்போது தன்மேல் வழியவிட்டுக் கொள்ளிடத்துக்கு அனுப்பும். வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்பதனால்தான் கொள்ளிடம் என்னும் பெயர் வந்தது என்பர். வெள்ளத்தோடு வரும் மண்ணுக்கும் அதுவே வழி. நீரைத் தேக்கிவைக்காத அணையில் மண் தங்குவதற்குக் காரணம் குறைவு. பல நூற்றாண்டுகள் அது பயன்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

அடியில் பாறை கிடையாது. ஆழம் காண முடியாத மணல். அதன்மேல் பெருங்கற்களை இட்டு, அவை அமிழ அமிழ மேலும் கற்களை அடுக்கி அடித்தளம் அமைத்தார்கள். ஆழந்தெரியாத மணலில் அடித்தளம் போடும் முறையை இந்நாட்டுப் பழைய கட்டுநரிடமிருந்தே தாங்கள் கற்றதாகப் பொறியாளர் ஆர்தர் காட்டன் பிற்காலத்தில் எழுதினார். கோதாவரியில் 1847 முதல் 1852 வரை அவர் எழுப்பிய தவளேசுவரம் அணைக்கட்டு அந்தக் கல்வியின் பயன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாடம்

தஞ்சை நாட்டின் ஆட்சி 1799இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தது. வரியின் பெரும்பகுதி நெல்லிலிருந்து வரவேண்டும். நெல்லுக்கு நீர் வேண்டும். ஆனால் காவிரியில் நீர் ஆண்டுக்காண்டு குறைந்துவந்தது. காரணம் மழை அன்று, மணல். கொள்ளிடம் நேராகவும் சரிவு மிகுந்தும் ஓடுவது. அதனால் நீரைத் தன்பால் இழுத்துக்கொண்டது. நீர்வரத்து குறைந்த காவிரியில் ஓட்டம் தளர்ந்தது. ஓட்டம் தளர்ந்த ஆற்றில் மணல் படியும். மணல் படிந்து மேடிட்ட ஆற்றில் நீர் மேலும் குறையும். இந்தச் சுழலில் காவிரி சிக்கிக்கொண்டது.

1804இல் இதனை ஆராய அமர்த்தப்பட்ட கேப்டன் கால்டுவெல், கல்லணையின் மேல் 27 அங்குலம் உயர்த்தினார். உயர்த்தியதால் நீர் சற்று மிகுந்தது, மணலும் மிகுந்தது. பின்னர் மேஜர் சிம் என்பவர், அணையின் அடிமட்டத்தில் மதகுகள் அமைத்துப் படிந்த மணலைக் கொள்ளிடத்துக்குள் தள்ளலாம் என்னும் கருத்தை முன்வைத்தார். இவையே மணற்போக்கிகள். உயர்த்துவதால் தீராத சிக்கலை அடியில் வழி திறப்பதால் தீர்க்கலாம் என்பது இதன் உட்கருத்து.

அடுத்து வந்தவர் காட்டன். சிக்கலின் வேர் கல்லணையில் இல்லை, ஆறு பிரியும் முக்கொம்பில் இருக்கிறது என்று அவர் கண்டார். 1836ஆம் ஆண்டு தொடங்கிக் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். அதிலும் மணற்போக்கி மதகுகள் வைத்தார். கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில், இன்று அணைக்கரை என வழங்கும் இடத்தில், கீழணையும் அக்காலத்திலேயே எழுந்தது; வீராணம் ஏரிக்கு நீர் தருவது அதுவே.

மேலணை எதிர்பார்த்த பயனைத் தந்தது. எதிர்பாராத ஒன்றையும் தந்தது. காவிரிக்குள் மிகுந்த விசையோடு நீர் பாய்ந்ததால், மேடிட்டிருந்த படுகை அரித்து ஆழமாகத் தொடங்கியது. முன்பு மணல் மிகுதியால் இடர். இப்போது மணல் அரிப்பால் இடர். ஆகவே 1840களில் மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தினர். காவிரியின் தலைப்பில் படுகைக்குக் குறுக்கே ஒரு தடுப்புச் சுவரும் எழுப்பினர். 1880களில் கல்லணையருகே காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் நீரொழுங்கிகள் அமைந்தன.

இந்நிகழ்ச்சியை ஆசிரியர்கள் வகுப்பறையில் எடுத்துரைப்பது நன்று. ஆற்றுக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு சமநிலை இருக்கிறது. ஓடும் நீருக்கு மண்ணைச் சுமக்கும் ஆற்றல் உண்டு. அவ்வாற்றலுக்கு மிஞ்சிய மண் வந்தால் ஆறு அதனை இறக்கிவைக்கும். குறைந்த மண் வந்தால் தன் படுகையையும் கரையையும் அரித்து அக்குறையை நிரப்பிக்கொள்ளும். மண் இழந்த நீரைப் 'பசித்த நீர்' என்று ஆற்றியலார் அழைப்பர்.

மண்ணை வாரும் உழைப்பு யாருடையது என்பதையும் மறத்தலாகாது. ஆண்டுதோறும் கோடையில் வாய்க்கால்களைத் தூர்வாரும் ஊர்ப்பணிக்குக் குடிமராமத்து என்று பெயர். ஊரார் கூடிச் செய்த நற்பணி என்று அதனைப் போற்றுகிறோம். ஆனால் மண்வெட்டி பிடித்தவர்கள் பெரும்பாலும் நிலமற்ற உழைப்பாளிகளே. ஊர்க்கட்டுப்பாடு தளர்ந்தபோது 1858இல் சென்னை மாகாணத்துக்கெனக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றே இயற்றப்பட்டது. தஞ்சையில் சேறு சுமந்த அதே கைகள்தாம் கடல் கடந்து வந்து இவ்வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களிலும் சேறு சுமந்தன.

மேட்டூரும் அதன் கீழ்ப்புறமும்

1924ஆம் ஆண்டு சூலையில் காவிரியில் பெருவெள்ளம் வந்தது. அடுத்த ஆண்டு மேட்டூர் அணையின் பணி தொடங்கியது. 1934 ஆகத்து 21ஆம் நாள் அணை திறக்கப்பட்டது. 120 அடி நீர்மட்டம், 93.47 டி.எம்.சி. கொள்ளளவு கொண்ட அந்நீர்த்தேக்கத்துக்கு அப்போதைய ஆளுநரின் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயரிட்டனர். கல்லணைக் கால்வாய் என்னும் புது ஆறும் அத்திட்டத்தின் பகுதியாக வெட்டப்பட்டு, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகளுக்கு நீர் சென்றது. மைசூர் நாட்டில் 1911இல் தொடங்கிய கிருஷ்ணராச சாகரமும் 1930களின் தொடக்கத்தில் நிறைவுற்றது.

மேட்டூர் அணையின் நன்மையைக் குறைத்துப் பேசுவது முறையாகாது. சூன் 12 அன்று நீர் திறப்பது என்னும் நாட்குறிப்பு தஞ்சை உழவர் வாழ்வில் நிலைபெற்றது அதனால்தான். வெள்ளத்தின் கொடுமை தணிந்தது; புதிய நிலங்கள் விளைந்தன. ஆயினும் கல்லணைக்கும் மேட்டூருக்கும் இயல்பில் பெரிய வேறுபாடு உண்டு. கல்லணை நீரைப் பிரிப்பது. மேட்டூர் நீரை நிறுத்துவது. நின்ற நீர் தன் சுமையை இறக்கிவைக்கும். மேற்கு மலைத்தொடரிலிருந்தும் மைசூர் மேட்டுநிலத்திலிருந்தும் வந்த மணல் நீர்த்தேக்கத்தின் தலைப்பில் நின்றுவிட்டது. தெளிந்த நீர் கீழே இறங்கியது.

மேட்டூருக்குக் கீழே பவானியும் நொய்யலும் அமராவதியும் காவிரியில் சேர்கின்றன. அவை கொண்டுவரும் மண் ஓரளவு குறையை நிரப்பியிருக்கும். ஆனால் பவானிசாகர் அணை 1955இலும் அமராவதி அணை 1957இலும் நிறைவுற்றன. மண் வரும் வழிகள் ஒவ்வொன்றாகக் குறுகின. அணைகளுக்குக் கீழுள்ள ஆற்றில் அன்று கிடந்த மணல் பெரும்பாலும் முன்னைய நூற்றாண்டுகள் சேர்த்துவைத்த இருப்பு. வரவு சுருங்கிய கணக்கில் எஞ்சிய முதல் அது.

அந்த முதலிலிருந்து செலவும் தொடங்கியது. நகரங்கள் வளர, கட்டடங்களுக்கு ஆற்றுமணல் தேவைப்பட்டது. பொறிகள் ஆற்றில் இறங்கின. 2003ஆம் ஆண்டு மணல் அள்ளும் பொறுப்பைத் தமிழ்நாட்டரசு பொதுப்பணித்துறை வழியாகத் தானே மேற்கொண்டது, அள்ளுவது நிற்கவில்லை. மணற்படுகை என்பது நீரை உறிஞ்சி வைத்திருக்கும் இயற்கைத் தொட்டி. அது தாழ்ந்தால் கரையோரக் கிணறுகளின் நீர்மட்டம் இறங்கும். ஆற்றைவிட உயரத்தில் நின்றுபோகும் வாய்க்கால் தலைப்புகளில் நீர் ஏறாது. கடல் முகத்தில் உவர்நீர் உட்புகும்.

2018 ஆகத்தில் காவிரியில் நெடுநாளுக்குப் பிறகு பெருநீர் வந்தது. மேட்டூரிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. திருச்சியில் கொள்ளிடத்தின் மேலிருந்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அம்மாதம் 22ஆம் நாள் இரவு, முக்கொம்பு மேலணையின் 45 கதவுகளுள் 9 அடித்துச் செல்லப்பட்டன. கட்டுமானத்தின் முதுமையே காரணம் என்றனர் அரசுத் தரப்பினர். மணல் அள்ளியதால் அடித்தளம் வலுவிழந்தது என்றனர் உழவர் அமைப்பினர். பின்னர்ப் புதிய கதவணை கட்டப்பட்டது. எத்தரப்பு எவ்வளவு சரி என்பது எவ்வாறாயினும், மணலின்மேல் நிற்கும் கட்டுமானத்துக்கு மணலே துணை என்பதைக் கல்லணை கட்டியவர்கள் அறிந்திருந்தார்கள்.

அணைக்கு மேற்புறத்திலோ இதற்கு நேர்மாறான நிலை. நீர்த்தேக்கத்தில் மண் மண்டி இடம் குறைந்துகொண்டே வந்தது. 2017 மே மாதம், கட்டி 83 ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக மேட்டூர் அணையில் தூர்வாரும் பணி தொடங்கியது. அள்ளிய வண்டலை உழவர்கள் இலவசமாக எடுத்துச்செல்ல அரசு இசைந்தது. குடிமராமத்து என்னும் பழம்பெயரும் அவ்வாண்டு அரசுத் திட்டத்தின் பெயராக மீண்டும் வழக்குக்கு வந்தது. கரம்பை எருவாகும் என்னும் பழைய அறிவு இங்கே மீண்டும் பயன்பட்டது. ஆயினும் வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டுபோன மண் வயலுக்குத்தான் உதவும். கீழ்ப்புற ஆற்றின் பசி அதனால் தீராது.

உலகம் கற்ற பாடங்கள்

இச்சிக்கல் காவிரிக்கு மட்டும் உரியதன்று. எகிப்தில் 1902இல் எழுந்த பழைய அசுவான் அணையில் 180 மதகுகள் இருந்தன. நைல் கலங்கி ஓடும் வெள்ளக் காலத்தில் அவற்றைத் திறந்துவைப்பார்கள். வண்டல் வயலுக்கும் கடலுக்கும் சென்றுவிடும். வெள்ளம் வடிந்து நீர் தெளியும்போதுதான் மதகுகளை மூடித் தேக்குவார்கள். அதனைத் திட்டமிட்ட வில்லியம் வில்காக்ஸ் இந்தியாவில் பிறந்து, ரூர்க்கி பொறியியற் கல்லூரியில் பயின்றவர். 1970இல் நிறைவுற்ற அசுவான் உயரணையோ ஆண்டு முழுவதற்குமான நீரை நிறுத்தியது, வண்டலையும் நிறுத்தியது. நைல் முகத்துவாரத்தில் ரொசெட்டாக் கரையைக் கடல் அரித்தது.

சீனத்தில் மஞ்சளாற்றின் குறுக்கே 1960இல் நிறைவுற்ற சன்மென்சியா அணை சில ஆண்டுகளிலேயே மண்ணால் நிரம்பத் தொடங்கியது. அடிமதகுகளைத் திறந்து அணையைத் திருத்தி அமைத்த பின், 1970களில் ஒரு நெறி வகுத்தனர்: தெளிந்த நீரைத் தேக்கு, கலங்கிய நீரைப் போக்கு. நம் குமிழித் தூம்பின் கருத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2002 முதல் சியாவ்லாங்டி அணையிலிருந்து திட்டமிட்ட வெள்ளம் திறந்து, கீழ்ப்புறப் படுகையில் படிந்த மண்ணைக் கடலுக்குத் தள்ளுகின்றனர்.

அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் கிளென் கேன்யன் அணை 1963இல் நிறைவுற்றபின், கீழே கிராண்டு கேன்யனில் மணற்கரைகள் மறைந்துவந்தன. 1996 மார்ச்சு இறுதியில் ஏழு நாட்கள் செயற்கை வெள்ளம் ஒன்றைத் திறந்தனர். கரைகளில் மணல் ஏறியது. ஆனால் அது நெடுநாள் நிற்கவில்லை. ஆற்றடியில் மணல் இருப்பு இல்லாதபோது வெள்ளம் திறந்து பயனில்லை என்று உணர்ந்தனர். அணைக்குக் கீழே சேரும் சிற்றாறுகள் மணல் கொண்டுவந்து சேர்த்த உடனே வெள்ளம் திறப்பது என்று பிறகு முறையை மாற்றினர். 2004, 2008 ஆகிய ஆண்டுகளின் வெள்ளங்கள் அவ்வாறு அமைந்தவை.

சப்பானின் குரோபே ஆற்றுப் பாடம் கசப்பானது. தாசிதைரா அணையில் பல ஆண்டுகள் தேங்கி அழுகிய சேற்றை 1991இல் திறந்துவிட்டபோது, கீழே ஆறும் தொயாமா விரிகுடா மீன்வளமும் கெட்டன. அதன்பின் வெள்ளக் காலத்திலேயே, சேறு அழுகுமுன், கீழுள்ள உனாசுகி அணையோடு இணைந்து மண்ணைப் போக்கும் முறை 2001 முதல் நடைமுறைக்கு வந்தது. செருமனியில் ரைன் ஆற்றின் இப்பெசைம் கதவணைக்குக் கீழே 1978 முதல் ஆண்டுதோறும் சரளையைக் கொண்டுவந்து கொட்டுகின்றனர். ஆற்றின் பசிக்கு நேரே உணவிடுவது போன்றது அது.

இவற்றைத் தொகுத்தால் மூன்று கருத்துகள் தேறும். ஒன்று, மண்ணை அது வரும் காலத்திலேயே போக்க வேண்டும். சேர்த்துவைத்துப் போக்கினால் தீங்கு. இரண்டு, நீர் திறப்பு மட்டும் போதாது. அந்நீர் சுமப்பதற்கு மண்ணும் வேண்டும். மூன்று, கீழ்ப்புறத்தில் மண்ணை அள்ளிக்கொண்டே மேற்புறத்தில் மண்ணைத் திறந்துவிடுவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதாகும்.

நம் வீட்டு வாசலில்

இனி மலேசியாவுக்கு வருவோம். இங்கிருந்து தொலைவில்லாத புக்கிட் மேரா நீர்த்தேக்கம் 1906இல் கிரியான் நெல்வயல்களுக்காக அமைந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் பணியாற்றிய அதுவும் மண் சேர்ந்து ஆழம் குறைந்துவருகிறது. கேமரன் மலையில் 1963இல் நிறைவுற்ற சுல்தான் அபு பாக்கார் அணையின் ரிங்லெட் ஏரி இதனினும் தெளிவான சான்று. மேலே காடுகள் காய்கறித் தோட்டங்களாக மாறியதால், எதிர்பார்த்ததைவிட மிகுந்த மண் வந்து ஏரியின் கொள்ளளவில் பெரும்பங்கை அடைத்துக்கொண்டது. இடம் குறைந்த ஏரி வெள்ளத்தைத் தாங்க வல்லதன்று. 2013 அக்டோபர் 23ஆம் நாள் விடியலுக்கு முன் அணையிலிருந்து திறந்த நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளைத் தாக்கி உயிர்களைப் பறித்தது. அணையில் சேரும் மண் என்பது பொறியாளரின் ஏட்டுக் கணக்கு மட்டும் அன்று என்பதை அவ்விரவு காட்டியது.

பினாங்கு மாநிலம் அருந்தும் நீரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. அவ்வாற்றின் தலைப்பில் மூடா அணை உள்ளது. அங்கிருந்து சுரங்க வழியாக நீர் பெடு அணைக்குச் சென்று கெடா நெல்வயல்களைச் சேர்கிறது. இவ்விரண்டும் 1970ஐ ஒட்டி நிறைவுற்றவை. கிளையாறொன்றில் பெரிஸ் அணை 2004இல் வந்தது. கீழ்ப்புறத்தில் பல்லாண்டுகளாக மணல் அள்ளப்படுகிறது. நாட்டின் வடிகால் நீர்ப்பாசனத் துறை 2009இல் ஆற்றுமணல் எடுப்புக்கென வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. ஆறு ஈடுசெய்யும் அளவுக்கு மேல் அள்ளலாகாது என்பதே அத்தகைய நெறிகளின் அடிப்படை. படுகை தாழ்ந்தால் கரை சரியும். நீரெடுக்கும் இடத்தில் மட்டம் இறங்கும். கடல்நீர் ஏறிவரும் தொலைவும் கூடும். கொள்ளிடத்தில் நிகழ்ந்தவற்றை அறிந்தவர்க்கு இவை புதியவை அல்ல.

அணைகளை இடிக்க வேண்டும் என்று இவ்வுரை கூறவில்லை. நீரின்றி நாம் வாழ இயலாது. தேக்கிவைத்த நீரின்றி இன்றைய நகரங்கள் வாழ இயலா. ஆனால் நீருக்குக் கணக்கு வைக்கும் நாம் மண்ணுக்கும் கணக்கு வைக்க வேண்டும். எவ்வளவு மண் வருகிறது, எவ்வளவு அணையில் நிற்கிறது, எவ்வளவு அள்ளப்படுகிறது, எவ்வளவு கடலைச் சேர்கிறது என்னும் நான்கு எண்களும் தெரியாமல் ஓர் ஆற்றைக் காக்க இயலாது. ஏரி வாரியத்தார் வேறு கருவிகளைக் கொண்டு இந்தக் கணக்கைத்தான் பார்த்தனர்.

ஆசிரியர்கள் செய்யக்கூடிய ஒரு சிறு பணி உண்டு. மாணவரை அருகிலுள்ள ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். பாலத்தூணின் அடித்தளம் வெளியே தெரிகிறதா, கரை எப்பக்கம் சரிந்துள்ளது, மழைக்குப் பின் நீரின் நிறம் என்ன என்று பார்த்து, நாளிட்டு எழுதச் செய்யுங்கள். கண்டதைத் தமிழில் எழுதும்போது வண்டல், எக்கல், கரம்பை, படுகை என்னும் சொற்கள் அவர்கள் கைக்கு மீண்டும் வரும். பத்தாண்டு தொடர்ந்து எழுதினால் அது ஊரின் ஆவணமாகும். காவிரியைப் பற்றி இன்று நாம் இவ்வளவு பேச முடிவதற்குக் காரணம், ஏரிக்கு ஒதுக்கிய நிலத்தைக் கல்லில் வெட்டிவைத்தவர்களும் மணலின் மட்டத்தை ஏட்டில் எழுதிவைத்தவர்களும் இருந்தார்கள் என்பதே. சுங்கை மூடாவுக்கும் சுங்கை கிரியானுக்கும் அவ்வாறு எழுதிவைப்போர் இவ்வூரிலிருந்தும் வரவேண்டும்.